அண்ணையின் வலப்பக்கம்

என் நாட்குறிப்பில், மாசி மாதத்து ஒரு வியாழக்கிழமைப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "நீர்வேலியில் செத்தவீடு. அண்ணை என்னோடு கதைக்கவில்லை. நான் பந்தலின் தென்புறத் தூணடியில் நின்றேன். அண்ணை எனக்கு இரண்டு முழம் வடக்கே, கிழக்குப் பார்த்து நின்றார். தலையசைத்தேன். அவர் அசையவில்லை. தேவாரம் படிப்பவரையே பார்த்துக்கொண்டு நின்றார்."

செத்தவீட்டில் யார் எந்தத் திசையில் நின்றார் என்று எழுதி வைப்பது சிலருக்கு விசித்திரமாக இருக்கலாம். எனக்கு அது தொழில் தந்த பழக்கம். மருதனார்மடத்தில் ஒரு நொத்தாரிசு கந்தோரில் இருபத்தாறு வருடமாகக் காணி உறுதிகள் எழுதுகிறேன். கிழக்கே யாருடைய காணி, வடக்கே எந்த ஒழுங்கை என்று எழுதாத உறுதி ஒரு உறுதியே இல்லை. நாட்குறிப்பையும் அப்படித்தான் எழுதுகிறேன். நடந்தது, நடந்த இடம், நின்றவர்கள் நின்ற திசை. அதன் பிறகு, நடந்ததற்குக் காரணம். அந்த வியாழக்கிழமைக்கு நான் எழுதிய காரணம் ஒரே சொல்: "தலைக்கனம்."

பங்குனியில் அண்ணையின் மனைவி தொலைபேசி எடுத்தார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம்.

"மச்சாள், குறை நினையாதேங்கோ. உங்கடை கொண்ணை நேற்று மருதனார்மடச் சந்தையடியிலை இதரை வாழைக்குலையோடை நிண்டவர். உங்களுக்கெண்டுதான் வெட்டிக் கொண்டந்தவர். நீங்கள் ஸ்கூட்டியிலை அவருக்குக் கிட்டவாப் போனியளாம். கை காட்டினவராம், கூப்பிட்டவராம். நீங்கள் திரும்பியும் பாக்கேல்லையாம்."

"நான் காணேல்லை, மச்சாள்."

"ஒரு முழுக் குலையோடை நிண்ட மனிசனையோ?"

"அப்ப செத்தவீட்டிலை ரெண்டு முழத்திலை நிண்ட என்னை அவர் காணேல்லையோ எண்டு கேளுங்கோ."

அவர் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார். பின்னால் அண்ணையின் குரல் தெளிவாகவே கேட்டது: "நான் ஒருத்தரையும் காணேல்லை. இனிக் காணவும் மாட்டன் எண்டு சொல்லு."

எங்கள் பக்கத்தில் தெருவில் கண்டவரிடம் "எங்கை போட்டு வாறியள்?" என்று கேட்காமல் போவது சின்னக் குற்றம் இல்லை. அந்நியரிடமே கேட்கிறோம். கூடப் பிறந்தவர் கேட்காமல் போனால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. சித்திரை வருடப்பிறப்புக்கு நான் நீர்வேலிக்குப் போகவில்லை. அவரும் வரவில்லை. எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை, வேறு சகோதரங்களும் இல்லை. நடுவில் நின்று சமாதானம் பேச மச்சாளைத் தவிர ஆளில்லை. மச்சாளும் கொஞ்ச நாளில் களைத்துப் போனார்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கறித்தூளுக்குச் செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன். வறுத்த மிளகாயைக் கிளறும்போது ஒரு பொடித் துண்டு தெறித்து வலக்கண்ணில் விழுந்தது. கண்ணைக் கழுவினேன். கழுவிய கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நிமிர்ந்தேன். என் கணவர் குசினி வாசலில் வந்து நின்றார். எனக்கு அவரின் பாதிதான் தெரிந்தது.

"என்னப்பா, உங்களை நெஞ்சுக்குக் கீழை காணேல்லை," என்றேன்.

"தலை இருக்குதெல்லோ? ஏச்சு வாங்க அது காணும்," என்றார்.

அவர் பகிடி என்று நினைத்தார். நான் கையை எடுத்தேன். நீலச் சாரமும் இரண்டு கால்களும் வந்தன. பொத்தினேன். போய்விட்டன. பொத்தும்போது அந்த இடம் கறுப்பாக இருக்கவில்லை, மங்கலாகவும் இருக்கவில்லை. இதை நான் திருத்தமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். அவர் கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் கதவு நிலையின் மண்ணிறமும் சுவரின் வெள்ளையும் ஒழுங்காக இருந்தன. இல்லாத இடத்தை என் மூளை பக்கத்திலிருந்த நிறத்தை எடுத்துப் பூசி நிரப்பியிருந்தது. பூசியது தெரியாதபடி பூசியிருந்தது. மேசன்மாரில் இப்படி ஒருவர் கிடைத்தால் விடவே மாட்டேன்.

மிளகாயை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, அறைச் சுவரில் இருந்த பெரிய நாட்காட்டியின் முன் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். வலக்கண்ணைக் கைலேஞ்சியால் கட்டினேன். நாட்காட்டியின் நடுவிலிருந்த இலக்கத்தை விட்டுப் பார்வையை எடுக்காமல், ஒரு பென்சிலைக் கீழேயிருந்து மேலே கொண்டுவந்து, முனை தெரியத் தொடங்கும் இடத்தில் புள்ளி வைத்தேன். இடப்பக்கத்திலிருந்தும் அப்படியே. இருபது புள்ளிகளைக் கோடிட்டுச் சேர்த்தபோது என் இடக்கண்ணின் எல்லை கிடைத்தது. மேற்பகுதி இருந்தது. கீழே ஏறக்குறைய முழுவதும் இல்லை. இடப்புறமும் உள்ளே ஒடுங்கியிருந்தது. பிறகு இடக்கண்ணைக் கட்டிவிட்டு வலக்கண்ணை அளந்தேன். அது நல்ல கண். ஆனால் அதிலும் மூக்குப் பக்கமாக, கீழ் மூலையில், ஒரு துண்டு இல்லை.

நடுவிலிருந்த சின்ன எழுத்துகளை இரண்டு கண்ணாலும் கண்ணாடியோடு வாசிக்க முடிந்தது. நாட்காட்டியின் அடியில் அச்சகக்காரர் போட்டிருந்த மணல் போன்ற எழுத்தையும் கிட்டப்போய் வாசித்தேன். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வாசிக்கும் கண்ணாடி மாற்றப் போகும்போதெல்லாம், கடைசி வரி வரைக்கும் வாசித்துக் காட்டிவிட்டு, "உங்களுக்கு நல்ல கண்" என்ற சொல்லோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன். எழுத்துப் பலகை நடுவைத்தான் சோதிக்கிறது. என் நடு நன்றாகவே இருந்தது.

அந்தக் கிழமையே ரவுணிலுள்ள கண் வைத்தியரிடம் போனேன். கண்ணின் அமுக்கத்தை அளந்தார். மருந்து விட்டுக் கண்ணின் அடிவரை வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற இயந்திரத்தின் முன் என்னை உட்கார வைத்தார்கள். நாடியைத் தாங்கியில் வைத்து, நடுவிலிருக்கும் மஞ்சள் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிவர எங்காவது ஒரு சிறு வெளிச்சம் மின்னும். அது தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அமர்த்த வேண்டும்.

நான் எந்தச் சோதனையிலும் குறைந்த புள்ளி எடுத்தவளல்ல. வெளிச்சம் எங்கே வரும் என்று கிண்ணம் முழுவதும் கண்ணை ஓட்டித் தேடித் தேடி அமர்த்தினேன். இயந்திரத்தை இயக்கிய இளம் பெண் நிறுத்திவிட்டார்.

"அம்மா, நடுவிலை பாருங்கோ. தேடக்கூடாது."

"தேடாட்டி எப்பிடிப் பிள்ளை தெரியும்?"

"தெரியாட்டி விட்டிடுங்கோ. தெரியாததைத்தான் நாங்கள் பாக்கிறம்."

மீண்டும் முதலிலிருந்து செய்தோம். தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடுவதற்கு எனக்கு அன்று நிறையப் பொறுமை வேண்டியிருந்தது.

வந்த தாள் நில அளவைப் படம் போலிருந்தது. வெள்ளையும் சாம்பலும் கறுப்பும். கறுப்பின் எல்லை நான் நாட்காட்டியில் வரைந்த கோட்டோடு பெரும்பாலும் ஒத்துப்போனது. என் நாட்காட்டித் தாளை மடித்துக் கொண்டுபோயிருந்தேன், எடுத்துக் காட்டினேன். வைத்தியர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தார்.

"இதுக்குக் குளுக்கோமா எண்டு பேர், அம்மா. எங்கடை சனம் கண் பிறஷர் எண்டு சொல்லுவினம். கண்ணுக்குள்ளை ஒரு நீர் ஊறும், வடியும். வடியிறது குறைஞ்சால் அமுக்கம் ஏறும். அமுக்கம் ஏற, கண்ணிலையிருந்து மூளைக்குப் போற நரம்பு கொஞ்சம் கொஞ்சமாச் சாகும். விளிம்பிலைதான் தொடங்கும், அதாலை ஆக்களுக்கு விளங்காது. நோகாது, சிவக்காது. ஒரு கண் விட்டதை மற்றக் கண் பிடிச்சுக் குடுத்துக்கொண்டிருக்கும்."

"போனது திரும்பி வருமோ?"

"வராது. இருக்கிறதை வைச்சிருக்கலாம். ஒவ்வொரு நாளும் மருந்து விட்டால் அமுக்கம் குறையும். ஒரு நாளும் தவறக் கூடாது."

ஒழுங்காகச் செய்ய வேண்டிய ஒரு காரியத்தை என்னிடம் தந்திருக்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்குப் பயம் இறங்கிவிட்டது என்றே சொல்ல வேண்டும். நாளுக்கு ஒன்று, குறித்த நேரத்தில், வாழ்நாள் முழுவதும். இதை நான் செய்வேன். செய்யாமல் விடுகிறவர்களைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் மனத்துக்குள் நேரத்தைத் தெரிவு செய்துவிட்டேன்: பின்னேரம் ஏழரை மணி, விளக்கு வைத்த பிறகு.

"அடுத்த ரெஸ்ற் வரைக்கும் மெயின் றோட்டிலை ஸ்கூட்டி வேண்டாம்," என்றார். எழுதிக்கொண்டேன். கடைசியாக, "கூடப் பிறந்தவை இருக்கினமோ?" என்று கேட்டார்.

"ஒரு அண்ணை."

"கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ. இது குடும்பத்திலை வாறது. உங்களுக்கு இருந்தால் அவருக்கும் இருக்கக் கூடிய சாத்தியம் மற்றவையை விடக் கனக்க. வேளைக்குக் கண்டால் காப்பாத்தலாம்."

"நாங்கள் கதைக்கிறேல்லை, டொக்ரர்."

"கண்ணுக்கு அது தெரியாது, அம்மா," என்றார்.

வீட்டுக்கு வந்து அலுமாரியிலிருந்த கடைசி ஏழு வருட நாட்குறிப்புகளை எடுத்து மேசையில் அடுக்கினேன். ஒரு சிவப்புப் பென்சிலோடு முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். மூன்று நாள் எடுத்தது.

என் நாட்குறிப்பில் பொய் ஒன்றுகூட இருக்கவில்லை. நடந்தது எல்லாம் சரி. காரணங்கள்தான் எல்லாம் பிழை. "கந்தோர் மேசையில் தேத்தண்ணிக் கோப்பை இடக்கையில் தட்டுப்பட்டுச் சரிந்தது. பியோன் விளிம்பில் வைத்துவிட்டார்." "படலையின் இடப்பக்கக் கட்டையில் ஸ்கூட்டி உரசியது. கட்டை சாய்ந்திருக்கிறது, கணவர் நிமிர்த்தவில்லை." "ஆட்டுக்குட்டி திடீரென்று குறுக்கே பாய்ந்தது." "கோயில் படியில் இடக்கால் இடறியது. படிகள் சமமாகக் கட்டப்படவில்லை." எல்லாம் இடப்பக்கம். முதல் வருடத்தில் இரண்டு. கடைசி வருடத்தில் பத்தொன்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குற்றவாளியை நியமித்திருக்கிறேன். பியோன், மேசன், ஆடு, கடைசியில் என் கணவர். ஏழு வருடமாக என் கண் கொடுத்த வாக்குமூலத்தை நானே என் கையெழுத்தில் எழுதிவிட்டு, வேறு ஆட்களுக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

மருதனார்மடச் சந்தையடியில் நான் அண்ணைக்குக் கிட்டவாகப் போனேன் என்றால், அவர் நின்றது தெருவின் இடப்பக்கம். ஆகவே அவர் சொன்னது உண்மை. நான் அவரைக் கடந்துதான் போயிருக்கிறேன்.

பிறகு செத்தவீட்டுப் பக்கத்துக்கு வந்தேன். நான் தென்புறத்தில். அவர் இரண்டு முழம் வடக்கே, கிழக்குப் பார்த்து. ஒரு தாளில் பந்தலைக் கீறி, இரண்டு பேரையும் நிறுத்தினேன். கிழக்குப் பார்த்து நிற்பவருக்குத் தெற்கு வலக்கை. நான் நின்றது அண்ணையின் வலப்பக்கம்.

உடனே முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். இந்தமுறை என்னைத் தேடவில்லை. "அண்ணை வலப்புருவத்தில் காயத்தோடு வந்தார். மாங்கொப்பு அடித்ததாம்." "அண்ணையின் லான்ட்மாஸ்டர் வலச்சில்லு வாய்க்காலுக்குள் இறங்கியது." "கலியாண வீட்டில் அண்ணையின் வலக்கை பட்டுக் குத்துவிளக்கு சரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள்." சிவப்புப் பென்சிலை வைத்துவிட்டேன். கோபம் என்று நான் ஆறு மாதமாக வைத்திருந்த பொருள் கையில் கரைந்து, அதன் இடத்தில் வேறொன்று வந்தது. அவருக்கு என்னைவிட ஐந்து வயது கூட. அவர் ஒவ்வொரு நாளும் அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்தைப் பெரிய றோட்டில் ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறவர்.

அடுத்த சனிக்கிழமை காலை நீர்வேலிக்குப் போனேன்.

அண்ணை வீட்டுக்குப் பின்னாலிருந்த தோட்டத்தில் குலை தள்ளிய வாழைகளுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஐப்பசிக் காற்றுக்கு முன்னர் முடிக்க வேண்டிய வேலை. மச்சாள்தான் என்னை முதலில் கண்டார்.

"இஞ்சேருங்கோ, ஆர் வந்திருக்கினம் எண்டு பாருங்கோ!"

அண்ணை திரும்பினார், பார்த்தார், மறுபடி வாழைக்குத் திரும்பினார். "உறுதி எழுத வந்திருப்பினம். காணி விக்கிற எண்ணம் இல்லை எண்டு சொல்லு."

"அண்ணை, நான் சண்டைக்கு வரேல்லை."

"சண்டையோ? றோட்டிலை போற பெரிய மனிசருக்கும் வாழைக்குலைக்காரனுக்கும் என்ன சண்டை? நீங்கள் இருங்கோ. தேத்தண்ணி குடியுங்கோ. போங்கோ."

என்னை வாழ்நாளில் ஒரு தடவையும் அவர் 'நீங்கள்' என்று சொன்னதில்லை. ஏச்சை விட அது உறைத்தது.

"எனக்குக் கண்ணிலை வருத்தம், அண்ணை. இடப்பக்கம் எனக்குத் தெரியாது. ஏழு வருசமாப் போய்க்கொண்டிருந்திருக்கு. போன மாசந்தான் கண்டுபிடிச்சனான்."

முட்டுத்தடியைக் கீழே போட்டார். "என்ன வருத்தம்? ஆர் சொன்னது?"

தாள்களை எடுத்துக் காட்டினேன். அவருக்குத் தாள் விளங்கவில்லை, கறுப்பு விளங்கியது.

"அப்ப அண்டைக்குச் சந்தையடியிலை நீ மெய்யாவே என்னைக் காணேல்லையோ?"

"இல்லை."

"குலையையும்?"

"குலையையும்."

வரம்பில் உட்கார்ந்துவிட்டார். "ஆறு மாசமா உன்னை மனசுக்கை வைச்சு ஏசிக்கொண்டு திரிஞ்சன், பிள்ளை."

"நான் எழுதியே வைச்சிருக்கிறன்," என்றேன்.

மச்சாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்துத் தேத்தண்ணி போட எழும்பினார். நான் வந்த காரியம் அப்போதுதான் தொடங்கியது.

"அண்ணை, செத்தவீட்டிலை நீங்கள் என்னைக் கண்டனீங்களோ?"

"காணேல்லை எண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

"நான் உங்கடை வலப்பக்கத்திலை, ரெண்டு முழத்திலை நிண்டனான். உங்களுக்கும் இது இருக்கலாம். டொக்ரர் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவர்."

"உனக்கு ஒண்டு வந்தால் எனக்கும் வரவேணுமோ? உதென்ன, அப்பு விட்ட காணியே, ஆளுக்குப் பாதி பிரிக்கிறதுக்கு?" எழும்பிக் கொட்டிலுக்குள் போய் ஒரு மருந்துப் போத்தலைக் கொண்டு வந்தார். அதில் சுற்றி ஒட்டியிருந்த கடுகு எழுத்துகளைக் கண்ணாடி இல்லாமல் கடகடவென்று வாசித்தார். "இந்த வயசிலை நீர்வேலியிலை வேறை ஆர் இப்பிடி வாசிப்பினம் எண்டு சொல்லு பாப்பம்."

"புருவத்திலை காயம்?"

"அது மாங்கொப்பு தாழ வளர்ந்தது."

"வாய்க்காலுக்கை இறங்கின சில்லு?"

"வரம்பு இடிஞ்சிருந்தது."

"குத்துவிளக்கு?"

"ஆக்கள் நடக்கிற இடத்திலை ஆரும் குத்துவிளக்கு வைப்பினமே?"

என் நாட்குறிப்பை அவர் வாயால் வாசிப்பது போலிருந்தது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். தோட்டத்தின் கிழக்கே கிளுவை வேலி தெரிந்தது. அந்த வேலிக்கு ஒரு கதை உண்டு. பக்கத்துக் காணிக்காரர் ஒவ்வொரு வருடமும் வேலி அடைக்கும்போது கதியால்களை நாலு விரற்கடை இந்தப் பக்கம் அரக்கி நட்டுக்கொண்டு வந்தார். பதினொரு வருடம். அண்ணை அந்த வேலியோரமாக ஒவ்வொரு நாளும் தண்ணீர் கட்டியவர், அவருக்குத் தெரியவில்லை. நான் ஒரு நாள் பழைய உறுதியைப் புரட்டும்போது சந்தேகப்பட்டு நில அளவையாளரைக் கூட்டிவந்தேன். மூன்று குளி நிலம் போயிருந்தது.

"அண்ணை, அந்தக் கிழக்கு வேலியை நீங்கள் நாளாந்தம் பாத்தனீங்கள்தானே. என்ன கண்டனீங்கள்?"

அவர் வேலியைப் பார்த்தார்.

"அப்ப எப்பிடிக் கண்டுபிடிச்சனாங்கள்?"

விருப்பமில்லாமல், "அளந்தனாங்கள்," என்றார்.

"இதையும் அளப்பம். இஞ்சையே, இப்பவே. அஞ்சு நிமிசம்."

அவரை ஒரு வாழையின் முன் நிறுத்தினேன். இடக்கண்ணை உள்ளங்கையால் பொத்தச் சொன்னேன். அந்த வாழையின் பூப்பொத்தியையே பார்க்க வேண்டும், என்ன நடந்தாலும் கண்ணை அசைக்கக் கூடாது. மச்சாள் வைத்திருந்த வெள்ளைக் கோப்பையை வாங்கிக்கொண்டு, அவர் பின்னாலிருந்து வலப்பக்கமாக மெல்ல முன்னுக்கு நடந்தேன். "கோப்பை தெரிஞ்ச உடனை சொல்லுங்கோ."

சருகு சத்தம் போடாமலிருக்க வாய்க்காலுக்குள் கால் வைத்து நடந்தேன். அவர் தோளுக்கு நேராக வந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் முன்னுக்கு, கை நீட்டினால் அவர் முகத்தில் படும் தூரத்தில் நின்றேன்.

"தொடங்கு பிள்ளை, எனக்கு வேலை கிடக்கு," என்றார்.

"ஐயோ, அவ உங்கடை மூஞ்சிக்கு முன்னாலையெல்லோ நிக்கிறா!" என்றார் மச்சாள்.

"எங்கை?"

அவர் கண்ணை அசைக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு பொத்தியையே பார்த்தபடி நின்றார். கோப்பையை இன்னும் நகர்த்தினேன். அது ஏறக்குறைய பொத்திக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் திடுக்கிட்டு, "அட, இப்ப வந்திட்டுது," என்றார்.

அதே சோதனையை இரண்டு கண்ணும் திறந்தபடி செய்தோம். முன்னதைவிட வேளைக்கே கண்டார், ஆனாலும் தோளைத் தாண்டிய பிறகுதான். மூன்றாம் முறை அவரே கோப்பையை வாங்கித் தன் கையால் அளந்து பார்த்தார். நான்காம் முறையும். பிறகு அதை மச்சாளிடம் கொடுத்துவிட்டு, "அப்ப வாகனங்கள் ஹோண் அடிக்காமல் வலப்பக்கத்தாலை வாறாங்கள் எண்டு நான் ஏசினது..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

நான் புதன்கிழமை கிளினிக் என்றேன். அவர் வாழைகளைக் காட்டினார். பாதி வாழைக்கு முட்டில்லை, காற்று வந்தால் வருட உழைப்பு சரியும். கார்த்திகையில் பார்ப்போம் என்றார். கார்த்திகை வரைக்கும் லான்ட்மாஸ்டர் ஓடாமல் இருப்பீர்களா என்றேன். ஓடாமல் எப்படிக் குலை சந்தைக்குப் போகும் என்றார். திடீரென்று என்னைப் பார்த்தார்.

"நீ எதிலை வந்தனி?"

படலையடியில் ஸ்கூட்டி நின்றது.

"டொக்ரர் மெயின் றோட்டிலைதான் வேண்டாம் எண்டவர். நான் உரும்பிராயாலை ஒழுங்கைகளுக்குள்ளாலை வந்தனான்," என்றேன். சொல்லும்போதே அது எப்படி ஒலிக்கிறது என்று எனக்குக் கேட்டது.

"ஒழுங்கையிலை பள்ளிக்கூடப் பிள்ளையள் வாறேல்லையோ? ஆடு வாறேல்லையோ?" அண்ணை கையை நீட்டினார். "திறப்பைத் தா. நீ திறப்பைத் தந்தால் நான் புதன்கிழமை வாறன். தராட்டி ரெண்டு பேரும் குருடராப் போவம்."

இருபது வருடமாக எங்கும் என் நேரத்துக்குப் போய் என் நேரத்துக்கு வருகிறவள் நான். உறுதிக்கு ஒப்பம் வாங்க எந்தக் குக்கிராமத்துக்கும் யாரிடமும் கேளாமல் போயிருக்கிறேன். அந்தத் திறப்பைச் சாவி வளையத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, கொட்டிலுக்குள் போய் லான்ட்மாஸ்டரின் திறப்பையும் எடுத்து வந்து மச்சாளிடம் கொடுத்தார். முட்டுக் கொடுக்க இரண்டு ஆட்களைப் பிடிப்பதாக மச்சாள் சொன்னார். என் கணவர் பின்னேரம் பஸ்ஸில் வந்து ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு போனார். "இனி நான்தானோ உன்ரை சாரதி?" என்று கேட்டார். முகம் முழுக்கச் சந்தோசம்.

புதன்கிழமை நானும் அண்ணையும் பஸ்ஸில் போனோம். அவர் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்க, நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கதவு சாத்தியிருந்தாலும் பொத்தான் சத்தம் கேட்டது. முதலில் இடக்கண். டிக், டிக், ஒரு சிறு இடைவெளி, டிக். பிறகு வலக்கண்ணுக்கு மாற்றினார்கள். நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. உள்ளே அவர் பொய்யாக அமர்த்தவில்லை, தேடவில்லை. நான் செய்த பிழையை அவர் செய்யவில்லை. அந்த மௌனத்தில் எத்தனை வெளிச்சங்கள் மின்னியிருக்கும் என்று எனக்குத் தெரியும். என் வாழ்வில் அவ்வளவு நேர்மையான ஒரு சத்தமின்மையை நான் கேட்டதில்லை.

அண்ணையின் வலக்கண்ணில் நடுவே ஒரு சிறு தீவு மட்டும் மிஞ்சியிருந்தது. இரண்டு கண்ணிலும் நடு கெடாததால்தான் மருந்துப் போத்தலை வாசித்தார். இடக்கண்ணில் தொடங்கியிருந்தது, ஆனால் பெரும்பகுதி நன்றாக இருந்தது. அமுக்கம் இரண்டிலும் கூட. வைத்தியர் மருந்து எழுதினார். வலக்கண்ணுக்கு ஒரு ஒப்பறேசன் செய்தால் அந்தத் தீவைக் காப்பாற்றலாம் என்றார். அடுத்த மாதம் செய்தார்கள். அண்ணை லான்ட்மாஸ்டரைத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோவதை விட்டார். குலைகளை இப்போது பக்கத்து வளவுக்காரரின் லொறி ஏற்றிப் போகிறது. வேலியை அரக்கியவர்தான். குலைக் கணக்கிலும் அவர் அரக்காமல் பார்த்துக்கொள்ள மச்சாள் இருக்கிறார்.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. நான் ஒரு நாளும் மருந்தைத் தவறவிடவில்லை. நடக்கும்போது இடப்பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பழகிக்கொண்டேன். "கோழி இரை தேடுற மாதிரி" என்று அண்ணை சொல்கிறார். அவர் வலப்பக்கம் திருப்புகிறார், அதற்கு நான் ஒன்றும் சொல்வதில்லை. என் இரண்டாவது சோதனைக்குப் பிறகும் வைத்தியர் ஸ்கூட்டிக்குச் சம்மதிக்கவில்லை. கந்தோருக்குப் பஸ்ஸில் போகிறேன். பத்து நிமிடம் முந்திப் புறப்பட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். உறுதிகளில் எழுத்துப் பிழையை இன்னும் நானே முதலில் கண்டுபிடிக்கிறேன்.

போன கிழமை அண்ணைக்குச் சோதனை நாள். வழக்கம்போல வெளியே வாங்கில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இடக்கண்ணில் டிக் சத்தம் ஒழுங்காக வந்தது. வலக்கண்ணில் மௌனம் நீளமாகவே இருந்தது, ஆனால் அதற்குள் அங்கொன்று இங்கொன்றாகச் சில சத்தங்கள் கேட்டன. வைத்தியர் இரண்டு வருடத்துத் தாள்களையும் மேசையில் வரிசையாக வைத்தார். நான் குனிந்து ஒவ்வொரு எல்லையையும் ஒப்பிட்டேன்.

"மாறேல்லை," என்றார் வைத்தியர்.

"ஒரு புள்ளியும்?" என்று அண்ணை கேட்டது வைத்தியரிடம் இல்லை, என்னிடம்.

"ஒரு புள்ளியும் இல்லை," என்றேன்.

அவர் எழும்பி, வலப்பக்கக் கதவு நிலையைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெளியே வந்தார். "அப்ப கெதியா நட, பிள்ளை. பன்ரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேணும். இண்டைக்கு வாழைக்குத் தண்ணி மாறுற நாள்."